அறுபத்தேழாம் வலு: ஓர் எண்ணின் உண்மையும் அதன் சான்றும்

147,573,952,589,676,412,927 என்னும் இருபத்தோர் இலக்க எண் ஒன்றே இக்கட்டுரையின் பொருளாகும். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் பெருக்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். குறியீட்டில் இது 2⁶⁷ − 1 என எழுதப்படும். சுருக்கம் கருதி இதனை இனி 'ந' எனக் குறிப்போம்.

எண்ணற்ற முழுவெண்களுள் இவ்வொன்றை மட்டும் தேர்ந்து ஆராய வேண்டியதன் காரணம் யாது? ந என்பது முதன்மை எண்ணா, அன்றேல் சிறிய எண்களின் பெருக்கமாகிய சேர்த்தி எண்ணா என்னும் வினாவுக்கு மூன்று காலங்களில் மூன்று வகையான விடைகள் கூறப்பட்டன. 1644இல் ஒரு துறவி அதனை முதன்மை எண் என்றார். அவருடைய சொல்லைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இருக்கவில்லை. 1876இல் அது முதன்மை எண் அன்று எனக் கணிப்பொன்று காட்டியது; ஆயின் அதன் காரணிகள் எவை என அக்கணிப்புக் கூறவில்லை. 1903இல் காரணிகள் இரண்டும் வெளியிடப்பட்டன. கூறியவரை நம்புதல், முறையை நம்புதல், தானே சரிபார்த்தல் என அறிவின் மூன்று நிலைகளை இவ்வொரே எண்ணின் வரலாற்றிற் காணலாம். இம்மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு கணிதருக்கு மட்டும் உரியதன்று. இன்றைய வங்கிப் பரிமாற்றங்களின் பாதுகாப்பே அதிற் தங்கியுள்ளது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

எண்ணின் அமைப்பு

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துச் செல்லும் கதையை யாவரும் அறிவர். அறுபத்து நான்கு கட்டங்களும் நிரம்பியபின் மொத்தம் 18,446,744,073,709,551,615 மணிகள் இருக்கும். இது 2⁶⁴ − 1 ஆகும். பலகையில் மேலும் மூன்று கட்டங்களைச் சேர்த்து இரட்டித்தலைத் தொடர்ந்தால் மொத்தம் ந ஆகும். நமது வழக்கிற் கூறின், ந ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் கோடி கோடி.

பத்தின் வலுக்களைக் கொண்டு எழுதும்போது ஒழுங்கற்ற இலக்கவரிசையாகத் தோன்றும் இவ்வெண், இரண்டின் வலுக்களைக் கொண்டு எழுதும் துவித எண்முறையில் மிக எளிய வடிவம் பெறுகின்றது. அதில் இது அறுபத்தேழு ஒன்றுகளின் தொடர் மட்டுமே. 7 என்பது 111 எனவும், 63 என்பது 111111 எனவும் அம்முறையில் எழுதப்படும். ஆறு ஒன்றுகளை இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ சமமாகப் பிரிக்கலாம் ஆதலால், 63 என்பது 11 என எழுதப்படும் மூன்றாலும், 111 என எழுதப்படும் ஏழாலும் வகுபடுகின்றது. பொதுவாக, ஒன்றுகளின் எண்ணிக்கை சேர்த்தி எண்ணாயின், அவ்வெண்ணும் சேர்த்தி எண்ணேயாகும். அறுபத்தேழு முதன்மை எண்ணாதலால் அத்தனை ஒன்றுகளைச் சம கூட்டங்களாகப் பிரித்தல் இயலாது. ஆகவே இவ்வெளிய வழியால் ந-இன் காரணிகளைப் பெற முடியாது.

ஆனால் எளிய வழியிற் காரணி கிடைக்கவில்லை என்பதனாற் காரணியே இல்லை என்று முடிவுசெய்தல் தவறாகும். 2¹¹ − 1 = 2047. இங்கும் சுட்டியாகிய 11 முதன்மை எண்ணே. ஆயினும் 2047 = 23 × 89 என்பது 1536ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. எனவே சுட்டி முதன்மை எண்ணாயிருத்தல் அவசியமானது, ஆயின் போதுமானதன்று. ஒவ்வொரு முதன்மைச் சுட்டிக்கும் வினாவைப் புதிதாகவே எழுப்பவேண்டும்.

நிறைவெண்களும் மேர்சென்னின் பட்டியலும்

இத்தகைய எண்களில் அறிஞர் ஈடுபட்டமைக்கு மிகப் பழைய காரணமொன்றுண்டு. தன்னை நீக்கிய ஏனைய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. இவற்றை அடுத்து வருவன 496, 8128 ஆகியன. இரண்டின் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது முதன்மை எண்ணாயின், அம்முதன்மை எண்ணை அவ்வலுவின் அரைவாசியாற் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என யூக்கிளிட் தமது நூலின் ஒன்பதாம் பாகத்தில் நிறுவினார். இரட்டை நிறைவெண்கள் யாவும் இவ்வடிவினவே எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் நிறுவினார்.

பாரிஸ் நகரில் வாழ்ந்த மரென் மேர்சென் (1588–1648) மினிம் சபைத் துறவி. டேக்காட், பேர்மா முதலிய அறிஞர்களோடு கடிதத் தொடர்பு பூண்டு, ஒருவரது முடிவை மற்றவருக்கு அறிவித்து வந்தவர். ஆராய்ச்சி இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் அவரது எழுத்துமேசையே ஓர் ஆய்விதழின் பணியைச் செய்தது எனலாம். அவர் 1644இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில், 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே இவ்வடிவிலான எண் முதன்மை எண்ணாகும் என எழுதினார். நிறுவல் எதுவும் தரப்படவில்லை. பதினைந்து அல்லது இருபது இலக்கங்களையுடைய ஓர் எண் முதன்மை எண்ணா எனச் சோதிக்க எல்லாக் காலமும் போதாது என்று அவரே அங்குக் குறிப்பிடுகின்றார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ந-இன் இலக்கங்கள் இருபத்தொன்று. பட்டியலின் இறுதி எண்ணுக்கோ எழுபத்தெட்டு இலக்கங்கள். சோதிக்க இயலாது எனத் தாம் கருதிய எண்களைப் பற்றியே அவர் உறுதியான கூற்றை வெளியிட்டார்.

சோதனைமுறைகள் வளரும்வரை அப்பட்டியலை ஏற்கவோ மறுக்கவோ எவராலும் இயலவில்லை. சுட்டி 31க்குரிய 2,147,483,647 முதன்மை எண்ணே என ஒயிலர் 1772இற் காட்டினார். அவ்விடத்திற் பட்டியல் சரியாயிற்று. ஓரிடத்திற் சரியானமை ஏனைய இடங்களுக்கும் நம்பிக்கை அளித்திருத்தல் இயல்பே. ஆனால் இறுதியில், 1947 அளவில் முழுப் பட்டியலும் சரிபார்த்து முடிக்கப்பட்டபோது, அதில் ஐந்து பிழைகள் உள்ளமை தெளிவாயிற்று. 67, 257 ஆகியன தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 61, 89, 107 ஆகியன தவறாக விடப்பட்டிருந்தன. விடுபட்டவற்றுள் 61ஐ 1883இற் கண்டறிந்தவர் இரசிய நாட்டுக் கிராமக் குருவானவராகிய பெர்வூசின். 61 என எழுதக் கருதியதே 67 என அச்சிற் பிழையாயிற்று எனச் சிலர் அமைதி காண முயன்றனர். அவ்வாறாயினும் எஞ்சிய பிழைகளுக்கு அவ்விளக்கம் பொருந்தாது.

முதன்மை எண் போலத் தோன்றும் எண்

ந-ஐச் சோதிப்பதிலுள்ள இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள, அது முதன்மை எண்ணைப் போலவே நடந்துகொள்ளும் ஓரிடத்தைக் காணல் பயன்தரும். ஒற்றை முதன்மை எண் ஒன்றை எடுத்து, அதிலும் ஒன்று குறைந்த சுட்டிக்கு இரண்டை உயர்த்தி, அம்முதன்மை எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் ஒன்றேயாகும். இது 1640இல் பேர்மா கூறிய தேற்றத்தின் ஒரு வகை. உதாரணமாக 2⁶ = 64; ஏழால் வகுக்க மீதி ஒன்று. மீதி ஒன்றல்லாதிருப்பின் எடுத்த எண் சேர்த்தி எண்ணே என உடனே முடிவுசெய்யலாம். காரணி எதனையும் தேடாமல் ஓர் எண்ணின் இயல்பை அறிய இது விரைவான வழி.

ந-ஐ இச்சோதனைக்கு உட்படுத்தின் என்ன நிகழும்? 2⁶⁷ என்பது ந-ஐவிட ஒன்றே கூடியது. ஆகவே அதனை ந-ஆல் வகுக்க மீதி ஒன்று. சுட்டி 67இன் மடங்காக அமையும் எல்லா வலுக்களுக்கும் மீதி ஒன்றேயாகும். இனி ந − 1 என்பது 2⁶⁷ − 2. அறுபத்தேழு முதன்மை எண்ணாதலால், மேற்கூறிய அதே தேற்றப்படி இது 67ஆல் வகுபடும். எனவே இரண்டை ந − 1 என்னும் சுட்டிக்கு உயர்த்தி ந-ஆல் வகுக்க மீதி ஒன்றே வரும். ந உண்மையில் யாதாயினும் இச்சோதனையில் அது தேறியே தீரும். சேர்த்தி எண்ணாயிருந்தும் இச்சோதனையில் முதன்மை எண்ணாகத் தோற்றமளிப்பவற்றைப் போலி முதன்மை எண்கள் என்பர். ந அவ்வகையைச் சார்ந்தது.

காரணி காணாது நிறுவுதல்

பிரெஞ்சுக் கணிதராகிய எடுவாட் லூக்காஸ் 1876இல் இத்தோற்றத்தை ஊடுருவும் சோதனையொன்றை வகுத்தார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கராகிய டெரிக் ஹென்றி லேமர் அதற்கு இன்று வழங்கும் எளிய வடிவத்தைத் தந்தார். நான்கிலே தொடங்குக. ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்க. சுட்டியைவிட இரண்டு குறைந்த எண்ணிக்கையான படிகளின் பின் மீதி பூச்சியமாயின் அவ்வெண் முதன்மை எண்; இல்லையேற் சேர்த்தி எண்.

2⁵ − 1 = 31 என்பதைச் சோதிப்போம். மூன்று படிகள் தேவை. 4இலிருந்து 14, 14இலிருந்து 194, அதாவது 31ஆல் வகுக்க மீதி 8, 8இலிருந்து 62, அதாவது மீதி பூச்சியம். ஆகவே 31 முதன்மை எண். இனி 2047ஐ எடுத்துக்கொள்வோம். ஒன்பது படிகளில் முறையே 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்னும் மீதிகள் வருகின்றன. இறுதி மீதி பூச்சியமன்று. ஆகவே 2047 சேர்த்தி எண். இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வொன்பது மீதிகளுள் 23ஐப் பற்றியோ 89ஐப் பற்றியோ எவ்விதக் குறிப்பும் இல்லை. காரணிகள் உள என்று இச்சோதனை கூறுகின்றது. அவை எவை என்று கூறவில்லை.

ந-க்கு இத்தகைய படிகள் அறுபத்தைந்து தேவை. ஒவ்வொரு படியிலும் இருபத்தோர் இலக்க எண்ணை வர்க்கித்து இருபத்தோர் இலக்க எண்ணால் வகுக்கவேண்டும். கடினமாயினும் மனித ஆற்றலுக்கு உட்பட்டதே. லூக்காஸ் தமது முறையால், 2¹²⁷ − 1 என்னும் முப்பத்தொன்பது இலக்க எண் முதன்மை எண் எனவும், ந முதன்மை எண் அன்று எனவும் 1876இற் கண்டார். 1894இல் போக்கம்பேர்க்கு என்பாரும் ந-ஐப் பற்றி அதே முடிவை எய்தினார்.

இவ்வறிவின் தன்மையைச் சற்று ஆழமாக நோக்கவேண்டும். முறை சரியானதே, அதனை நிறுவலாம். ஆனால் கையாற் கணிக்கும்போது ஓர் இலக்கம் பிழைத்தாலும் இறுதி மீதி மாறிவிடும். பிழையான கணிப்பொன்று தற்செயலாகப் பூச்சியத்தில் முடிதல் ஏறத்தாழ நிகழாத ஒன்று. ஆகவே 'முதன்மை எண்' என்னும் விடைக்குப் பூச்சியமே ஓரளவு சான்றாகின்றது. 'முதன்மை எண் அன்று' என்னும் விடைக்கோ அத்தகைய காவல் இல்லை. பூச்சியமல்லாத மீதி உண்மையாலும் வரலாம், பிழையாலும் வரலாம். ந சேர்த்தி எண் என ஏற்றவர்கள், கணித்தவர் பிழைவிடவில்லை என்பதையும் சேர்த்தே ஏற்கவேண்டியிருந்தது. துறவியின் சொல்லில் வைத்த நம்பிக்கை கணிப்போரின் கவனத்தில் வைத்த நம்பிக்கையாக மாறியது. அது பெரும் முன்னேற்றமே. எனினும் நம்பிக்கையின் தேவை முற்றாக நீங்கவில்லை.

காரணிகளைத் தேடல்

காரணியைத் தேடும் நேர்வழி, எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதாகும். ந-இன் வர்க்கமூலம் 1,215 கோடிக்குச் சற்றுக் குறைந்தது. அதுவரையுள்ள ஒற்றை எண்கள் யாவற்றாலும் நிமிடத்துக்கு ஒன்றாக, இரவு பகல் ஓய்வின்றி வகுத்துச் செல்வோர்க்குப் 11,500 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். ஆகவே வகுத்துப் பார்க்கவேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழியொன்று தேவை.

முதல் வழி ந-இன் அமைப்பிலேயே உள்ளது. ந-ஐ வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும், அதனால் 2⁶⁷ஐ வகுக்க மீதி ஒன்று. அறுபத்தேழு முதன்மை எண்ணாதலால், இதனினும் சிறிய எந்தச் சுட்டிக்கும் இரண்டின் வலு மீதி ஒன்றைத் தராது. பேர்மாவின் தேற்றத்தோடு இதனை இணைக்க, அம்முதன்மை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 67ஆல் வகுபடவேண்டும் என்பது பெறப்படும். அது இரட்டை எண்ணும் ஆதலால் 134ஆலும் வகுபடும். எனவே 134இன் மடங்கைவிட ஒன்று கூடிய எண்களை மட்டுமே சோதித்தாற் போதும்.

இரண்டாம் வழி வர்க்கங்களைப் பற்றியது. 2⁶⁷ மீதி ஒன்றைத் தருவதால் 2⁶⁸ மீதி இரண்டைத் தரும். 2⁶⁸ என்பது 2³⁴இன் வர்க்கம். ஆகவே ந-ஐப் பொறுத்தவரை இரண்டு ஒரு வர்க்க மீதி. அதன் ஒவ்வொரு முதன்மைக் காரணியைப் பொறுத்தவரையும் அவ்வாறே. எட்டால் வகுக்க மீதி ஒன்றோ ஏழோ தரும் முதன்மை எண்களுக்கு மட்டுமே இரண்டு வர்க்க மீதியாகும் என்பது எண்கொள்கையில் நன்கறியப்பட்ட முடிவு. இதனால் எஞ்சியவற்றுள் அரைவாசி நீங்குகின்றது. ந-க்கு வேறொரு வர்க்க மீதியைக் கண்டால் மேலும் ஏறத்தாழ அரைவாசி நீங்கும். இன்னொன்றைக் கண்டால் அதிலும் அரைவாசி நீங்கும். ஒவ்வொரு மீதியும் ஒரு சல்லடையாகப் பயன்படுகின்றது.

இவ்விரு வழிகளின் பயனை எண்ணாற் காணலாம். ந-இன் சிறிய காரணி 193,707,721 என்பது இன்று தெரியும். இது 134 × 1,445,580 + 1 ஆகும். அதுவரை இரண்டு நிபந்தனைகளுக்கும் அமையும் எண்கள் 722,790. ஒற்றை எண்கள் யாவற்றையும் சோதிப்பதோடு ஒப்பிட இது மிகச் சிறிய தொகை. எனினும் ஒரு மனிதன் தன் ஓய்வுநேரத்திற் செய்து முடிக்க இதுவும் மிகப் பெரியதே. வாரத்துக்கு எட்டு மணிநேரம், நிமிடத்துக்கு ஒரு வகுத்தல் எனக் கொண்டால் இருபத்தொன்பது ஆண்டுகள் வேண்டும். மேலும் பல வர்க்க மீதிகளைத் தேடிச் சல்லடைகளை அடுக்கினாலன்றி அவ்வேலை முடியாது.

1903 ஒக்டோபர் 31

அவ்வாறு செய்து முடித்தவர் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் (1861–1926). அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றியவர். அக்கழகம் எண்கொள்கைக்கும் அட்சரகணிதத்துக்கும் வழங்கும் பரிசுகள் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. 1903 ஒக்டோபர் 31 அன்று நடைபெற்ற கழகக் கூட்டத்தில், பெரிய எண்களைக் காரணிப்படுத்தல் பற்றிய கட்டுரையை அவர் அளித்தார். அதன் முடிவு வருமாறு:

147,573,952,589,676,412,927 = 193,707,721 × 761,838,257,287

அக்கூட்டம் பற்றிய புகழ்பெற்ற கதையொன்று உண்டு. கோல் ஒரு சொல்லும் பேசாமற் கரும்பலகையை அணுகி, 2⁶⁷ஐக் கணித்து ஒன்றைக் கழித்தார். பின் மற்றொரு பக்கத்தில் இரு காரணிகளையும் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. சபை கரவொலி எழுப்பியது. எவரும் வினா எழுப்பவில்லை. இக்காரணிகளைக் காண எவ்வளவு காலம் சென்றது எனப் பின்னாளில் வினவப்பட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக் கோல் விடையளித்தாராம். இக்கதை எரிக் ரெம்பிள் பெல் 1951இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவே பரவியது. கூட்டம் நடைபெற்ற காலத்திற் பெல் கலிபோர்னியாவில் மாணவராயிருந்தவர். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், சுவைபட எழுதுவதிற் பெயர்பெற்ற ஒருவர் தந்த செய்தியை எவ்வளவுக்கு ஏற்பது என்பதில் வரலாற்றாசிரியர் எச்சரிக்கையோடிருத்தல் தகும்.

ஆனால் கதையின் உண்மை ஐயத்துக்குரியதாயினும், பெருக்கத்தின் உண்மை அவ்வாறன்று. வாசகர் தாமே அதனைச் சரிபார்க்கலாம். 761,838,257,287ஐ மூன்று பகுதிகளாகப் பெருக்குக.

193,000,000ஆற் பெருக்க 147,034,783,656,391,000,000
707,000ஆற் பெருக்க 538,619,647,901,909,000
721ஆற் பெருக்க 549,285,383,503,927

இம்மூன்றையும் கூட்ட ந கிடைக்கின்றது. இதற்குப் பாடசாலையிற் கற்ற பெருக்கலே போதும். பெல்லையோ கோலையோ லூக்காசையோ எவரும் நம்பவேண்டியதில்லை. மூன்றாண்டுத் தேடலின் பயனை அரை மணிநேரத்திற் சோதித்துவிடலாம்.

காரணிகள் இரண்டும் முதன்மை எண்களே என்பதையும் இதே வகையில் அறியலாம். சிறிய காரணியை வகுக்கும் முதன்மை எண் ந-ஐயும் வகுக்கும் ஆதலால், மேற்கூறிய இரு நிபந்தனைகளுக்கும் அது அமைதல் வேண்டும். சிறிய காரணியின் வர்க்கமூலம் 13,918க்குச் சற்றுக் குறைவு. அதுவரை அவ்வாறு அமையும் எண்கள் ஐம்பத்தொன்றே. அவற்றுள் எதுவும் அதனை வகுப்பதில்லை. பெரிய காரணிக்கும் இதே முறை பொருந்தும். சோதனைகளின் தொகைதான் கூடும்.

நிறைவெண் பற்றிய பழைய எதிர்பார்ப்புக்கு நேர்ந்தது யாது என்பதையும் இப்போது கூறலாம். மேர்சென்னின் கூற்றுப்படி 2⁶⁶ × ந ஒரு நிறைவெண்ணாதல் வேண்டும். ந-க்கு இரு முதன்மைக் காரணிகள் உள்ளமையால், அவ்வெண்ணின் வகுத்திகளின் தொகை நிறைவெண்ணுக்கு வேண்டிய அளவிலும் மிஞ்சிவிடுகின்றது. அம்மிகை, ந-ஐ அதன் இரு காரணிகளின் கூட்டுத்தொகையாகிய 762,031,965,008ஆற் பெருக்க வருவதாகும். 1876இன் முடிவைக் கொண்டு அது நிறைவெண் அன்று என மட்டுமே கூறமுடிந்தது. எவ்வளவால் அன்று என்பதைக் கூறக் காரணிகளே தேவைப்பட்டன.

தேடலும் சரிபார்த்தலும்

ந இன்று ஒரு சாதாரணக் கணினி கணப்பொழுதிற் காரணிப்படுத்தும் எண். ஆனால் அது வெளிப்படுத்திய வேறுபாடு இன்றும் நீங்கவில்லை. முதன்மை எண்ணா எனச் சோதித்தல் வேறு. காரணிகளைக் காணல் வேறு. முதலாவது எவ்வளவு பெரிய எண்ணுக்கும் விரைவாகச் செய்யக்கூடியதே என 2002இல் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர். இரண்டாவதற்கு அத்தகைய வழி இன்றைய வகைக் கணினிகளுக்குக் கண்டறியப்படவில்லை. 1876ஆம் ஆண்டின் ந-ஐப் போன்ற நிலையில் இன்றும் எண்கள் உள. 2¹²⁷⁷ − 1 என்னும் 385 இலக்க எண் சேர்த்தி எண் என்பது தெரியும். ஆயின் 2024 வரை அதன் காரணி ஒன்றேனும் காணப்படவில்லை.

இவ்விடைவெளியை ஒரு கருவியாக மாற்றியவர்கள் ரிவெஸ்ற், சமீர், ஏடில்மன் என்னும் மூவர். பெரிய முதன்மை எண்கள் இரண்டைப் பெருக்கிப் பெருக்கத்தைப் பகிரங்கப்படுத்தலாம். அதனைக் கொண்டு எவரும் செய்தியை மறைபொருளாக்கலாம். காரணிகளை அறிந்தவரே அதனை மீட்கலாம். 1977இல் இவர்கள் இத்திட்டத்தை வெளியிட்டபோது, 129 இலக்க எண்ணொன்றைக் காரணிப்படுத்துவோர்க்கு நூறு டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு நானூறு கோடி கோடி ஆண்டுகள் வேண்டும் எனவும் அப்போது மதிப்பிடப்பட்டது. 1994 ஏப்பிரலில், ஏறத்தாழ அறுநூறு தன்னார்வலர்கள் தத்தம் கணினிகளை இணைத்து எட்டு மாத உழைப்பில் அதனைக் காரணிப்படுத்தினர். அவர்கள் கையாண்ட முறைக்கு இருபடிச் சல்லடை என்று பெயர். கோல் கையாற் செய்த வர்க்கங்களின் ஆராய்ச்சிக்கு அது நெருங்கிய உறவினது. 2020இல் 250 இலக்க எண்ணொன்று காரணிப்படுத்தப்பட்டது. இதனாற் பயன்பாட்டிலுள்ள எண்கள் இவற்றினும் மிகப் பெரியனவாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கங்களையுடையன வழக்கமாகிவிட்டன.

வங்கிக் கணக்குகளும் மின்வழிக் கடிதங்களும் அரசாங்கங்களின் இரகசியங்களும் இவ்வகை எண்களாற் காக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றின் காவல் எதில் தங்கியுள்ளது? காரணிப்படுத்தல் கடினம் என்னும் கருத்திலேயாகும். ஆனால் அக்கருத்து எவராலும் நிறுவப்பட்ட தேற்றமன்று. பல அறிஞர் நெடுங்காலம் முயன்றும் எளிய வழி கிடைக்கவில்லை என்பதே அதன் ஆதாரம். சரிபார்க்க எளிதான விடைகள் யாவும் தேடவும் எளிதானவையா என்னும் பொதுவினா இன்னும் தீர்க்கப்படவில்லை; 2000இல் அதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவிக்கப்பட்டது. சக்திச்சொட்டுப் பௌதிகத்தின் விதிகளைப் பயன்படுத்தும் கணினியொன்று அமையுமாயின் காரணிப்படுத்தல் எளிதாகிவிடும் எனப் பீற்றர் ஷோர் 1994இலேயே காட்டினார். இவ்வளவு பெரிய எண்களுக்குப் போதிய ஆற்றலுடைய அத்தகைய இயந்திரம் இன்னும் உருவாகவில்லை. எனினும் அந்நாளை எதிர்நோக்கிப் புதிய மறைகுறி முறைகளுக்கான நியமங்கள் 2024இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்டுள்ளன.

இவ்விடத்தில் ந-இன் வரலாற்றுக்கு மீள்வோம். மேர்சென்னின் பட்டியல் 232 ஆண்டுகள் நிலைத்தமைக்கு அவரது புகழ் மட்டும் காரணமன்று. அதனைச் சோதிக்கும் வழி பிறரிடம் இருக்கவில்லை. சோதிக்க முடியாத கூற்று சரியானதாகவும் இருக்கலாம், பிழையானதாகவும் இருக்கலாம். அதனை ஏற்போர் கூறியவரின் தகுதியையே எடைபோடுகின்றனர். கோல் அளித்த விடை அவ்வாறு எடைபோடும் தேவையை ஒழித்தது. கூறியவர் பேராசிரியரா மாணவரா என்பது அப்பெருக்கத்துக்கு ஒரு பொருட்டன்று. இதனையே அறிவியலின் மக்களாட்சித் தன்மை எனக் கூறின் மிகையாகாது.

ஆனால் இன்றைய உலகம் தன் இரகசியங்களை ஒப்படைத்திருப்பது 1903ஆம் ஆண்டின் வகையான உண்மையிடமன்று. பெரிய எண்ணின் காரணிகளை எளிதிற் காண இயலாது என்னும் இன்றைய துணிபு, 1644ஆம் ஆண்டின் பட்டியலைவிட மிக வலிமையான ஆதாரங்களை உடையது என்பதில் ஐயமில்லை; ஆயினும் அது நிறுவப்படாத கூற்று என்னும் வகையில் அப்பட்டியலோடு ஒரே வரிசையிலேயே நிற்கின்றது. நானூறு கோடி கோடி ஆண்டுகள் என்ற மதிப்பீடு பதினேழு ஆண்டுகளிற் பொய்த்தமை இவ்வேளை நினைவிற் கொள்ளற்பாலது. நிறுவப்பட்டது எது, நெடுங்காலம் மறுக்கப்படாமையால் மட்டும் ஏற்கப்பட்டது எது என்பதைப் பிரித்தறிதல் கணிதம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, அக்கணிதத்தை நம்பித் தம் பணத்தையும் கடிதங்களையும் ஒப்படைக்கும் யாவருக்கும் இன்றியமையாததாகின்றது.